கடிக்காத மிளகாய்

தூக்குச்சட்டி திரும்பி வந்துவிட்டது. சோற்றுத் தட்டு காலியாகத்தான் இருந்தது. ஆனால் மேல்தட்டில் தங்கத்தாய் வைத்தனுப்பிய பச்சை மிளகாய்கள் அத்தனையும் வைத்தது வைத்தபடி கிடந்தன. ஒன்றில்கூடப் பல் படவில்லை.

அடுப்பு வெளிச்சத்தில் தட்டைச் சாய்த்துப் பார்த்தாள். வெளியே சாரல் ஓட்டின்மேல் அரிசி புடைக்கிற மாதிரி சீராக விழுந்துகொண்டிருந்தது. குற்றாலத்தில் அருவி பொங்கி விழுகிற இரைச்சல், காற்று இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் மேலகரம்வரை வந்து, யாரோ தூரத்தில் பெருமூச்சு விடுகிறதுபோலக் கேட்டு அடங்கியது.

அந்த மிளகாய் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அல்ல. சொரிமுத்துவுக்குத் தூக்கம் வராமலிருக்க. கொல்லத்திலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு புனலூர், ஆரியங்காவு வழியாக மலையிறங்கி வரும்போது, கண் சொருகுகிற ஒவ்வொரு வளைவிலும் ஒரு மிளகாயைக் கடித்துக்கொள்வான். காம்புகளைத் தூர எறியமாட்டான், தட்டிலேயே போட்டுவைப்பான். அந்தக் காம்புகளைப் பார்த்துத்தான் தங்கத்தாய் தன் புருஷன் எந்த நிலைமையில் ஓட்டி வந்தான் என்று தெரிந்துகொள்வாள். காம்பு குறைந்திருந்தால் நிம்மதி. தட்டு நிறையக் காம்பாக இருந்தால் அன்று ராத்திரி அவளும் தூங்கமாட்டாள்.

காம்பே இல்லாமல் வந்தது இதுதான் முதல் தடவை. தூக்கமே வராமல் ஓட்டினானா? தூங்கிக்கொண்டே ஓட்டினானா?

கேட்பதற்கு ஆள் கைக்கு எட்டமாட்டான். வடிவாம்பாள் லாரி சர்வீஸ் வண்டி வழியில் நிற்கக்கூடாது. முதலாளி வல்லிநாயகம் இந்தச் சீசனுக்குப் போட்ட சட்டம் அது. விளக்கு வைப்பதற்கு முன்னால் கொல்லத்து மீன் தென்காசியில் இறங்கிவிடும் என்று வியாபாரிகளிடம் சொல்லிவிட்டார். லாரியின் நெற்றிப் பலகையில் சிவப்புச் சாயத்தில் ‘நேரம் தவறாது’ என்று எழுதியும் வைத்துவிட்டார். மீன் இறங்கியதும் வெங்காய மூட்டை ஏறும், வண்டி மறுபடியும் மலைக்குப் போகும். சக்கரம் நிற்கிற நேரமெல்லாம் தன் நெஞ்சில் ஏறி நிற்கிறதாக நினைக்கிறவர் அவர். அவருடைய நெஞ்சு நோகக்கூடாது என்று ஓட்டுகிறவன் ஊண் உறக்கத்தை விட்டான்.

அதனால்தான் இந்தத் தூக்குச்சட்டி ஏற்பாடு. வண்டி குற்றாலத்துப் பழக்கடைகளில் ஓட்டத்திலேயே அன்னாசிக் கூடைகளைத் தள்ளிவிட்டு மேலகரம் பாலத்தை நெருங்கும்போது பந்து ஹாரனை மூன்று தரம் அமுக்குவான். தங்கத்தாய் சோறு நிறைந்த சட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நிற்பாள். வண்டி லேசாக வேகம் குறையும். இடது பக்கத்திலிருந்து கிளீனர் உச்சிமாகாளியின் கை நீளும். ஜாக்கியில் நசுங்கி ஆள்காட்டி விரல் பாதி போன கை. காலிச் சட்டி இவள் கைக்கு வரும், நிறைசட்டி உள்ளே போகும். அந்தப் பக்கம் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் புருஷன் முகம் ஒரு நொடி தெரியும். இதுதான் குடும்பம். இதுதான் இவள் பண்ணுகிற வாழ்க்கை. இன்றைக்குச் சாரல் வலுத்துத் தலையில் சேலையைப் போர்த்திக் குனிந்து நின்றதில், சட்டியை வாங்கியதோடு சரி; கையையும் முகத்தையும் அவள் பார்க்கவில்லை.

வைகாசியில் ஒருநாள் மட்டும் வண்டி நின்றது. தண்ணீர் குடிக்க இறங்கினான். செம்பு வாய்க்குப் போகுமுன் பின்னாலேயே முதலாளியின் கார் வந்துவிட்டது. தெருவே பார்க்க அவர் கத்திய கத்தல் தங்கத்தாயின் காதில் இன்னும் காயாத புண்ணாக இருக்கிறது.

“ஏம்லே, பொண்டாட்டி சேலையில முடிஞ்சு வைக்கதுக்கா உன் கையில ஸ்டீயரிங்கைக் குடுத்தேன்? ஐஸ் உருகிட்டிருக்கு, நீ இங்கன தண்ணி குடிக்கியோ? நல்லாக் கேட்டுக்க. நான் நிறுத்துன்னு சொல்லுத வரைக்கும் வண்டி நிக்கப்படாது. கேட்டுதா?”

“கேட்டுது மொதலாளி.”

“சத்தமாச் சொல்லு.”

“நீங்க சொல்லுத வரைக்கும் நிக்காது.”

செம்பை அவளிடம் கொடுத்துவிட்டு ஏறினான். ஏறும்போது மெதுவாகச் சொன்னான்: “ஆடி கழியட்டும்ட்டி. சீசன் முடிஞ்சதும் இறங்கிருதேன்.” வாக்கு என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் மாற்றத் தெரியாதவன். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஒவ்வொரு பொழுதையும் தள்ளினாள். ஆடி கழிந்தால் அவன் இறங்குவான். வேறு எதுவும் வேண்டாம் அவளுக்கு.

மிளகாய் கடிபடாமல் வந்த மறுநாள் சாயங்காலம் சட்டியோடு நின்றபோது எதிர்வீட்டு அலிமா வாசலிலிருந்து சிரித்தாள். “என்ன தங்கம், மாப்பிள்ளை கையைப் பிடிக்கதுக்குத் தலையில பூவெல்லாம் இருக்கு? கிளீனர் கையைத்தானே பிடிக்கப் போற!”

“போ மதினி, நானே எரிச்சல்ல நிக்கேன்.”

ஹாரன் கேட்டது. மூன்று தரம். ஆனால் தண்ணீருக்குள்ளிருந்து அமுக்கினதுபோல மூச்சடைத்த சத்தம். புளியமரத்து வளைவில் லாரி திரும்பியது. எப்போதும் லாரிக்கு முன்னால் அதன் மீன்நாற்றம் வரும்; பூனைகள் எழுந்து உட்காரும். இன்று பூனைகள் ஓடின. மீன்நாற்றத்துக்கு மேலே வேறொரு வாடை வந்தது. அழுகின இலை, கிளறிவிட்ட ஈரமண், வெயில் படாத பள்ளத்தின் குளிர். எஞ்சின் இரைச்சலையும் காணோம். சக்கரத்தின் கீழ் சரளை நெரிகிற சத்தம் மட்டும்.

இடது பக்கத்திலிருந்து கை நீண்டது. சட்டியை வாங்கியது. அதன் விரல்கள் இவள் விரல்களில் பட்டபோது தங்கத்தாய்க்குத் தோள்வரை விறைத்தது.

விரல் ஐந்தும் முழுசாக இருந்தன. புறங்கையில் ரேடியேட்டர் தண்ணீர் கொட்டி வெந்த வெள்ளைத் தழும்பு. அவளுக்கு நன்றாகத் தெரிந்த தழும்பு. எத்தனையோ தடவை எண்ணெய் தடவிவிட்ட தழும்பு.

அவன் கை!

லாரி போய்விட்டது. ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. உச்சிமாகாளி அண்ணாச்சி ஓட்டுகிறார்போல, இவனைக் கிளீனர் பக்கம் உட்காரவைத்து ஓய்வு கொடுத்திருக்கிறார் என்று நினைத்தாள். பிறகுதான் நினைப்பு வந்தது. உச்சிமாகாளிக்கு மாலைக்கண். இருட்டினால் தன் கால் தனக்குத் தெரியாது. அதனால்தானே அவர் டிரைவர் வேலை போய் கிளீனர் ஆனார்.

அப்படியானால் ஓட்டுவது யார்?

வீட்டுக்குள் வந்து காலிச் சட்டியைத் திறந்தாள். அது காலி இல்லை. நேற்று வைத்த சோறு மழைத் தண்ணீரில் ஊறி மிதந்தது. சோற்றுக்கு நடுவே சருகும் பொடிக்கல்லும். மேல்தட்டில் மிளகாய்கள் பச்சைப் பசேலென்று. ஒரு மிளகாயின்மேல் ஏதோ நெளிந்தது. காட்டு அட்டை.

உச்சிமாகாளி அடுத்த நாள் மதியம் வந்தார். கையைத் துண்டால் கழுத்தோடு கட்டியிருந்தார். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். நெற்றியில் காய்ந்த ரத்தம். உள்ளே வராமல் வாசற்படியிலேயே சரிந்து உட்கார்ந்தார்.

“தாயி, முந்தாநாளு மலையிறங்கும்போது மிளகாயை எடுங்க அண்ணாச்சின்னான். நான் குனிஞ்சு சட்டியை எடுத்தேன். நிமிந்து பாக்கேன், கண்ணு ரெண்டும் திறந்துதான் இருக்கு. ஆனா பார்வை இல்ல. ஏலே சொரிமுத்துன்னு கத்தினேன். வளைவு வந்துட்டு. அவன் வளைக்கல. நான் கதவைத் திறந்து குதிச்சுட்டேன் தாயி. வண்டி பள்ளத்துக்குள்ள போயிட்டு. மரமெல்லாம் முறியுத சத்தம் கேட்டுது. அப்புறம் ஒண்ணும் கேக்கல. புளியரைக்காரங்க தூக்கிட்டுப் போயி ஒரு குடிசையில போட்டிருந்தாங்க, எந்திரிக்க முடியல.”

“நேத்துகூட வண்டி வந்துதே அண்ணாச்சி.”

“தெரியும்.” அவர் குரல் கீழே போனது. “நேத்து சாயங்காலம் மாட்டுவண்டி பிடிச்சு நேரே லாரி செட்டுக்குத்தான் போனேன், மொதலாளிகிட்டச் சொல்ல. வண்டி அங்கன நிக்குது தாயி. லோடு இறக்கிட்டிருக்காங்க. கொல்லத்துலயும் பின்னாலதான் ஏத்துதாங்க, இங்கயும் பின்னாலதான் இறக்குதாங்க. முன்னால உக்காந்திருக்கவனை எவன் பாக்கான்? நான் பாக்கப் போனேன். மொதலாளி என் தோளைப் பிடிச்சு இழுத்துட்டாரு. சத்தம் போடாதலே, லோடு வருதுல்லான்னாரு.”

தங்கத்தாய் அழவில்லை. தாலியைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, நனைந்த ரோட்டில் தென்காசிக்கு நடந்தாள்.

செட்டில் வல்லிநாயகம் நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். லாரி வந்து நிற்கிற இடத்தில் முன்பக்கமாக ஒரு கயிறு கட்டி, அதில் நெருக்கமாக வேப்பிலை சொருகியிருந்தது. தரையெல்லாம் சாம்பிராணிக் கரி.

“அவுக செத்துட்டாக. உங்களுக்குத் தெரியுமா மொதலாளி?”

“யாரு சொன்னா?” அவர் நிமிரவில்லை. “செத்தவன் லோடு கொண்டு வருவானா? நேத்தும் விளக்கு வைக்கதுக்கு முன்ன வந்துட்டான். வழியில சாயா இல்ல, இருமல் இல்ல, கண்ணு எரியுதுன்னு புலம்பல் இல்ல. இப்பந்தான் உன் புருசன் ஒழுங்கா ஓட்டுதான்.”

“பின்ன இந்த வேப்பிலை எதுக்கு?”

வெற்றிலை மடித்த கை நின்றது. அவருடைய கண்ணில் பயம் இருப்பதைத் தங்கத்தாய் பார்த்தாள். பயந்துகொண்டே லோடு இறக்குகிறார். பயம் ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம். மீன்தான் கனமாக இருக்கிறது.

“இனி ஓட்டத்தை நிறுத்துன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்ககிட்டத்தான் வாக்குக் குடுத்தாக. நீங்க சொன்னாத்தான் நிப்பாக, நின்னாத்தான் இறங்குவாக. கொண்டுபோயி எரிச்சுக்கிடுதேன். உங்க காலுல விழுதேன்.”

“சீசன் முடியட்டும், பாப்போம்,” என்றார் வல்லிநாயகம். வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல உலை வைத்தாள். வழக்கம்போல மிளகாயைக் கழுவி மேல்தட்டில் வைத்தாள். ஆனால் சட்டியோடு போய் ரோட்டோரத்தில் நிற்கவில்லை. நடு ரோட்டில் நின்றாள்.

மேகம் தரைக்கு இறங்கி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னாலேயே எல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டது. அலிமா வாசலிலிருந்து கத்தினாள்: “ஏட்டி, பைத்தியமா உனக்கு? வண்டி வார நேரம்!” பிறகு வளைவைப் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஹாரன். ஒன்று. இரண்டு. மூன்று.

ஒற்றை விளக்கோடு லாரி வந்தது. விளக்குக் கண்ணாடிக்குள் பாதிக்குத் தண்ணீர் நின்றது. வெளிச்சம் அதில் ஆடியது. முன்பக்கத் தகரம் நெளிந்து உள்ளே போயிருந்தது. அதன் மடிப்பில் வேரோடு ஒரு செடி. நெற்றிப் பலகை மட்டும் கீறல்கூட இல்லாமல் இருந்தது. ‘நேரம் தவறாது.’

தங்கத்தாயின் கால் விலகப் பார்த்தது. விடவில்லை அவள். லாரிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். தென்காசியைப் பார்த்து மெதுவாக நடக்க ஆரம்பித்தாள். சாமி ஊர்வலத்துக்கு முன்னால் போகிறவள் மாதிரி, அடிமேல் அடி வைத்து.

ஏற்றிக் கொன்றால் கொல்லட்டும். ஏற்றமாட்டான்.

சரளை நெரிகிற சத்தம் பின்னால் நெருங்கியது. நெருங்கியது. அவள் நடைக்குக் குறைந்தது. நிற்கவில்லை, ஊர்ந்தது. பிடரியில் குளிர்ந்த காற்று. ஈர இலை வாடை. எங்கிருந்தோ சொட்டுகிற தண்ணீர், சொட், சொட் என்று. திரும்பிப் பார்க்காதே. திரும்பிப் பார்த்தால் முகம் தெரியும்.

மேலகரம் தாண்டியது. வயல் வந்தது. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. லாரி வர வர, பக்கத்து வயலில் மட்டும் சத்தம் அற்றுப்போனது.

அப்போது குரல் கேட்டது. காதுக்குப் பக்கத்தில். மண் அடைத்த தொண்டை.

“நேரமாச்சுட்டி.”

கண்ணீர் பொங்கிவிட்டது அவளுக்கு. துடைக்கவில்லை.

“ஆகட்டும்,” என்றாள்.

“மொதலாளி வைவாரு.”

“வையட்டும்.”

கல்யாணம் ஆனபின் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து இவ்வளவு தூரம் போனது அன்றைக்குத்தான்.

தென்காசியில் தெருவிளக்கெல்லாம் எப்போதோ எரிய ஆரம்பித்திருந்தது. கோயில் மணி அடித்து ஓய்ந்திருந்தது. செட்டு வாசலில் வல்லிநாயகம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். மீன்காரர்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போய்விட்டார்கள். சுமைதூக்கிகள் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். அவர் முகம் கறுத்து, உதடு துடித்தது.

லாரி உள்ளே வந்தது. தங்கத்தாய் ஒதுங்கினாள். ‘நிறுத்துன்னு சொல்லுங்க மொதலாளி. இப்பமாவது சொல்லுங்க,’ என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

அவர் சொல்லவில்லை. ஆத்திரம் அவருக்குக் கண்ணை மறைத்துவிட்டது. ஆயுசெல்லாம் லாரியின் படியில் தாவியேறி டிரைவர்களை வைது பழகின கால், கயிற்றையும் வேப்பிலையையும் மறந்துவிட்டது. கயிற்றைக் காலால் தள்ளினார். இடது பக்கப் படியில் ஏறினார். கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார்.

“எங்கலே போய்ச் சீரழிஞ்ச? மணி என்னலே? மணி என்னன்னு கேக்கேன்!”

கடிகாரம் கட்டிய கையை உள்ளே நீட்டிக் காட்டினார்.

தழும்புக் கை அந்த மணிக்கட்டைப் பற்றியது. மெதுவாக. மணி பார்க்கிறதுபோல.

வல்லிநாயகத்தின் செருப்பு ஒன்று கீழே விழுந்தது. கதவு சாத்திக்கொண்டது. சுமைதூக்கிகள் ஓடினார்கள். லாரி லோடு இறக்காமலே சுற்றி வளைந்து வாசலுக்கு வந்தது. தங்கத்தாயின் பக்கத்தில் லேசாக வேகம் குறைந்தது. கண்ணாடி இல்லாத முன்பக்கத்தின் வழியே ஈரக் கை நீண்டது.

பழக்கம். கையோடு கொண்டுவந்த சட்டியைக் கொடுத்துப் பழைய சட்டியை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் லாரி சரியாக வந்தது. விளக்கு வைப்பதற்கு முன்னால், மூன்று ஹாரனோடு. தங்கத்தாய் ரோட்டோரத்தில் நின்றாள். இன்று அவள் நெஞ்சில் ஒரு நினைப்பு இருந்தது. சொல்ல வேண்டியவர் உள்ளேயே இருக்கிறார். சொல்லாமல் எங்கே போவார்? சொன்னால் இவன் நிற்பான். நின்றால் இறங்குவான்.

வளைவிலேயே குரல் கேட்டுவிட்டது. கம்மிப்போன குரல்.

“நிறுத்து! நிறுத்துலே! ஐயா சொரிமுத்து, நிறுத்துய்யா! நாந்தான் சொல்லுதேன்! நிறுத்து!”

தங்கத்தாய் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிட்டார். சொல்லிவிட்டார்.

லாரி லேசாக வேகம் குறைந்தது. கை நீண்டது. சட்டியை மாற்றியது. போய்விட்டது.

நிற்கவில்லை.

அவள் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். நிறுத்து, நிறுத்து என்ற குரல் தென்காசிப் பக்கம் தேய்ந்துகொண்டே போனது. காலம் கடந்து சொன்ன வார்த்தை அவன் காதில் ஏறவில்லை. இனி எந்த ஆடி கழிந்தாலும் அவன் இறங்கப் போவதில்லை. செட்டில் முதலாளியின் மருமகன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதாகவும், பின்பக்கமாக லோடு இறக்கச் சொல்வதாகவும், முன்பக்கம் கேட்கிற சத்தத்துக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பதாகவும் உச்சிமாகாளி பிறகு வந்து சொன்னார்.

வெகுநேரம் கழித்துச் சட்டியைத் திறந்தாள். சோறு தொடப்படவில்லை. மேல்தட்டில் மிளகாய் ஒன்றுகூட இல்லை. மென்று சக்கையாகிப்போன காம்புகள் மட்டும். தட்டு நிறைய.

உள்ளே ஒருவருக்கு இன்னும் தூக்கம் வருகிறது.

அடுத்த நாள் அவள் உலை வைக்கவில்லை. கொல்லையில் போய்ச் செடியை உருவினாள். ஊசி ஊசியாக, காரத்தில் கறுத்துப்போன மிளகாய். சோற்றுத் தட்டிலும் அதையே அமுக்கி அமுக்கி நிறைத்து மூடினாள். சாரலில் போய் நின்றாள்.

லாரி வந்தது. இந்தத் தடவை சத்தம் இல்லை. தழும்புக் கை டிரைவர் பக்கத்திலிருந்தே குறுக்கே நீண்டு சட்டியை வாங்கியது. அந்தக் கைக்குப் பின்னால், கிளீனர் இருக்கையில், வெளிச்சம் விழுந்த ஒரு நொடியில் அவள் பார்த்தாள். வீங்கி வெடித்த உதடு. இமைக்கப் பயந்து திறந்தபடியே இருக்கிற இரண்டு கண்கள், ரத்தச் சிவப்பாக. இரண்டிலிருந்தும் நீர் வழிந்துகொண்டிருந்தது. முதலாளி மென்றுகொண்டிருந்தார்.